அபெர்சோக்கில் விடுமுறை வீடு வாங்கலாமா? (வேல்ஸ், லீன் தீபகற்பம்)

செஷயர்_சோறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில், செஷயரில் இருக்கிறோம், பிள்ளைகள் இரண்டு பேர். சில வருடங்களாகக் கோடை விடுமுறைக்கு வடமேற்கு வேல்ஸில் இருக்கும் அபெர்சோக்குக்குத்தான் போகிறோம். நீளமான மணல் கடற்கரை, சின்னத் துறை, எதிரே இரண்டு தீவு, பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லித்தர ஆள். எங்கள் வீதியில் பாதிப்பேர் ஆகஸ்டில் அங்கேதான் இருப்பார்கள். இப்போது வீட்டுக்காரிக்கு அங்கேயே இரண்டு அறையுள்ள வீடு ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று யோசனை. 5 லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போகாத வாரங்களில் வாடகைக்கு விடுவோம்.

ஆபீஸில் வேல்ஸ்காரர் ஒருவர் இதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விவரமும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் வசிப்பவர்கள் யாராவது இருந்தால் வரி, சட்டம், ஊர்க்காரர்கள் மனசு, மூன்றையும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

மலைக்கோட்டை82 எழுதியது:

வாங்குங்க சார், யோசிக்கவே வேண்டாம். அந்த ஊர்க் கடற்கரையில் கரண்ட் இல்லாத, தண்ணீர்க் குழாய் இல்லாத மரக்குடிலே ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றிருக்கிறது. படுக்கவும் முடியாது, துண்டு மாற்றலாம், டீ போடலாம், அவ்வளவுதான். அதுவே அந்த விலை என்றால் நாலு சுவரும் கூரையும் உள்ள வீடு எங்கே இறங்கப்போகிறது? டிவியில் சாகசம் காட்டும் பேர் கிரில்ஸ் எதிரே ஒரு தீவையே வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விலை ஏறுவது இருக்கட்டும், முதலில் கையை விட்டுப் போவதைப் பாருங்கள். வேல்ஸில் வீடு வாங்கினால் இங்கிலாந்தின் முத்திரை வரி கிடையாது, நில மாற்ற வரி என்று தனியாக ஒன்று. ஏற்கெனவே சொந்த வீடு வைத்திருப்பவருக்கு உயர்ந்த விகிதம், 2024 டிசம்பரில் அதை இன்னும் ஒரு படி ஏற்றினார்கள். முதல் 1,80,000க்கு 5 சதவீதம், அடுத்து 2,50,000 வரை 8.5, அப்புறம் 4 லட்சம் வரை 10, அதற்கு மேலே 7,50,000 வரை 12.5. உங்கள் 5 லட்சம் வீட்டுக்குக் கூட்டிப் பாருங்கள்: 9,000 + 5,950 + 15,000 + 12,500. மொத்தம் 42,450 பவுண்டு, சாவி கைக்கு வருவதற்கு முன்னாலேயே.

அடுத்தது கவுன்சில் வரி, அதாவது உள்ளூர் நிர்வாகத்துக்கு வருடா வருடம் கட்டும் வீட்டு வரி. அபெர்சோக் க்வினெத் கவுன்சிலுக்குள் வருகிறது. இரண்டாவது வீடுகளுக்கு அவர்கள் 2018இல் 50 சதவீதம் கூடுதல் போட்டார்கள், 2021இல் அதை 100 ஆக்கினார்கள், 2023 ஏப்ரலில் 150. அதாவது பக்கத்து வீட்டுக்காரர் 1 கட்டினால் நீங்கள் இரண்டரை. சட்டப்படி வேல்ஸ் கவுன்சில்கள் 300 வரை போகலாம்.

இதிலிருந்து தப்பிக்கத்தான் முன்பெல்லாம் வாடகை வீடு என்று பதிவு பண்ணி வணிக வரிக்கு மாறிவிடுவார்கள். வருடத்துக்கு 70 நாள் வாடகைக்குப் போனால் போதும், சிறு தொழில் சலுகையில் பலருக்குக் கட்டவேண்டிய தொகை பூஜ்யமாகிவிடும். 2023 ஏப்ரலோடு அந்தக் கதவைச் சாத்தினார்கள். இப்போது 252 நாள் வாடகைக்குத் தயாராக வைத்திருக்க வேண்டும், அதில் 182 நாள் உண்மையிலேயே ஆள் தங்கியிருக்க வேண்டும். 182 நாள் என்றால் 26 வாரம். ஈஸ்டரிலிருந்து செப்டம்பர் கடைசி வரைக்குமே ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அந்தக் கணக்கை எட்ட வேண்டுமென்றால் கோடையில் உங்கள் வீட்டில் நீங்கள் தங்க முடியாது. நவம்பரில் போய் மழையைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம்.

செஷயர்_சோறு எழுதியது:

42,450ஐப் பார்த்ததும் வீட்டுக்காரி போனைக் கீழே வைத்துவிட்டாள். கணக்குப்பிள்ளை, நன்றி. அந்த 26 வாரக் கதையை எந்த ஏஜென்டும் எனக்குச் சொல்லவில்லை. சரி, ஊர் விஷயம்? கடைகளில் எல்லோரும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

பாங்கர்_டாக்டரம்மா எழுதியது:

கடையில் நன்றாகத்தான் பேசுவார்கள், உங்களை விரட்டுவது யாருடைய நோக்கமும் இல்லை. நான் இதே க்வினெத்தில் பாங்கர் நகரில் இருக்கிறேன், லீன் பக்கத்திலிருந்து நோயாளிகள் வருவார்கள், எங்கள் பையனின் நண்பர்கள் சிலர் அங்கே. அதனால் குளிர்காலத்தில் அந்த ஊரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு அபெர்சோக் வீதியில் நடந்து பாருங்கள், எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். சில சந்துகளில் ஒன்று கூட இருக்காது.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் 1924இல் திறந்தது. 2021 டிசம்பரில் மூடினார்கள். முடிவெடுக்கும்போது முழுநேரப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவு, பத்துக்கும் கீழே. ஒரு பிள்ளைக்கு வருடம் 17,400 பவுண்டு போல செலவாகிறது, மாவட்டச் சராசரி 4,200தான் என்று கவுன்சில் கணக்குக் காட்டியது. கணக்குப்படி கவுன்சில் செய்தது நியாயம், அதை மறுக்க முடியாது. பிள்ளைகள் ஒன்றரை மைலில் இருக்கும் சார்ன் பாக் பள்ளிக்குப் போகிறார்கள், தூரமும் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளைகள் ஏன் இல்லாமல் போனார்கள்? ஊரில் வேலை பார்க்கும் இளம் தம்பதி அந்த ஊரில் வீடு வாங்க வழியில்லை, வாடகைக்கும் கிடைப்பதில்லை, ஏனென்றால் வீட்டுக்காரருக்கு ஆகஸ்டில் ஒரு வாரத்தில் கிடைப்பது அவர்கள் ஒரு மாதம் முழுக்கக் கொடுப்பதை விட அதிகம். அவர்கள் பக்கத்துப் பட்டணமான புல்ஹெலிக்கோ அதற்கு அப்பாலோ போய்விடுகிறார்கள்.

எனக்கு இது வேலையில் தெரிகிறது. எண்பது வயசுப் பாட்டி இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகத் தயார், ஆனால் காலையும் மாலையும் வந்து உதவ ஆள் அந்த ஊரில் வசிப்பதில்லை. எங்கிருந்தோ காரில் வரவேண்டும். ஆள் கிடைக்கும் வரை கட்டில் நிறைந்தே இருக்கும், அடுத்த நோயாளி வெளியே காத்திருப்பார்.

மலைக்கோட்டை82 எழுதியது:

மேடம், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். இரண்டாவது வீடே இல்லாத மலையடிவாரக் கிராமங்களிலும் பள்ளிக்கூடம் மூடுகிறார்களே, அதற்கு யாரைத் திட்டுவது? பிறப்பு விகிதம் குறைகிறது, வேலை இல்லை, பசங்க கார்டிஃபுக்கும் மான்செஸ்டருக்கும் போகிறார்கள். இன்னொன்று, இந்த வீடுகளை வெளியூர்க்காரன் திருடவில்லை. உள்ளூர்க்காரர்தான் அதிக விலை கொடுத்தவனுக்கு விற்றார். விற்றவர் வாயை மூடிக்கொண்டு பணத்தை எண்ணுவார், வாங்கினவன் மட்டும் கெட்டவனா?

சுற்றுலாவும் நேற்று வந்ததில்லை. பக்கத்து ஊர் லான்பெட்ரோக்கில் ஒரு பெரிய மாளிகையைக் கார்டிஃப் வியாபாரி ஒருவர் வாங்கி 1896இலேயே கலைக்கூடமாகத் திறந்து, புல்ஹெலியிலிருந்து கடலோரமாகவே குதிரை டிராம் விட்டார். 1927 புயலில் தண்டவாளம் போனது, கூடம் இன்றும் இருக்கிறது. அந்த டிராம் வந்தபோதும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். ஹோட்டல், படகுப் பழுது, தச்சர், கொத்தனார், தோட்டக்காரர், சுத்தம் செய்பவர், இத்தனை பேருக்கும் சோறு போடுவது செஷயர் காசுதான்.

பாங்கர்_டாக்டரம்மா எழுதியது:

விற்பவர் பற்றிச் சொன்னது சரி. அப்பா அம்மா இறந்ததும் நாலு பிள்ளைகள் சொத்தைப் பிரிக்க வேண்டும், அதிக விலைக்கு விற்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். அதனால்தான் இதைத் தனி மனிதரின் நல்ல குணத்துக்கு விடமுடியாது, சட்டம் வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன தச்சரும் கொத்தனாரும் தாங்கள் பழுது பார்க்கும் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்க முடியவில்லை, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

புல்ஹெலி_கடைக்காரன் எழுதியது:

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. நான் யாழ்ப்பாணம், லண்டனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இப்ப புல்ஹெலிப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். கோடையில் வருகிற காசில்தான் எனக்குக் குளிர்காலம் ஓடுது, அதை ஒளிக்கத் தேவையில்லை. ஓகஸ்டில் ஐஸ்கிரீமும் அடுப்புக் கரியும் வாங்குகிற சனம் இல்லாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆனால் தம்பி, ஊர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமென்றால் என் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிற "லானு லீன்" என்கிற மாதப் பேப்பரைப் பார்க்க வேணும். முழுக்க வேல்ஸ் மொழி. இந்த மாதிரி உள்ளூர்ப் பேப்பர் வேல்ஸ் முழுக்க ஐம்பதுக்கு மேலே இருக்கு, முதலாவது 1973இல் கார்டிஃபில் வந்தது, எங்கட 1977இலிருந்து. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துகிற பேப்பர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் செய்தி சேர்ப்பார், ஒருவர் விளம்பரம் பிடிப்பார், இன்னொருவர் காரில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கடைக்குப் போடுவார். யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் செத்தவீடு, தேவாலயத்தில் யார் பாடினது, இளம் விவசாயிகள் சங்கப் போட்டியில் யார் வென்றது, எந்தக் கிழவிக்குத் தொண்ணூறு வயது. வெளியாளுக்கு ஒரு சத்தும் இல்லாத செய்தி. இங்க உள்ளவைக்கு அது வந்த அன்றைக்கே வேணும், இரண்டு நாள் பிந்தினால் என்னைத்தான் கேட்பினம்.

இப்ப யோசித்துப் பாருங்கோ. ஒரு ஊரில் வருடம் முழுக்க இருக்கிற வீடு குறையக் குறைய அந்த ஊருக்கான பத்தி சின்னதாகும். முதலில் பள்ளிக்கூடச் செய்தி நிற்கும். பிறகு பிறப்பு. கடைசியில் அஞ்சலி மட்டும் மிஞ்சும். செய்தி சேர்க்கிறவருக்கே வயது போய்விட்டால் அதுவும் இல்லை.

உயிர்காக்கும் படகும் அப்படித்தான். அபெர்சோக்கில் ஆர்என்எல்ஐ என்கிற கடல் மீட்புத் தொண்டு நிறுவனத்தின் படகு நிற்குது, அதில் போகிறவர்கள் தொண்டர்கள், சம்பளம் இல்லை. பேஜர் அடித்தால் கையில் இருக்கிறதைப் போட்டுவிட்டு ஓட வேணும், சில நிமிடத்துக்குள் துறைக்குப் போகக்கூடிய தூரத்தில் வீடோ வேலையோ இருந்தால்தான் சேர்க்க முடியும். கோடையில் காற்று ஊதின மிதவையில் கடலுக்குள்ள இழுபட்டுப் போகிற பிள்ளையைக் கூட்டிவருகிறது ஆர்? வீடு வாங்க முடியாமல் ஊரை விட்டுப் போன பெடியன் வர முடியாது. மலைக்கோட்டைத் தம்பி, உங்கட வாடகை விருந்தாளியின் பாதுகாப்பும் இதுக்குள்ளதான் இருக்கு.

ஓரமா_நிக்கிறேன் எழுதியது:

அங்கே வெளியூர்க்காரர் வீட்டைக் கொளுத்துவார்கள் என்று கேள்விப்பட்டேனே, நிஜமா? சோறு அண்ணனைப் பயமுறுத்தக் கேட்கவில்லை.

குளிர்விரும்பி எழுதியது:

நிஜம்தான், ஆனால் பழைய கதை. 1979 டிசம்பரில் ஆரம்பித்தது, முதல் தீ லீன் பக்கத்தில்தான். தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வேல்ஸ் முழுக்க 200 வீட்டுக்கு மேல் எரிந்தன. மெய்பியோன் க்ளின்டூர் என்ற பெயரில் ஒரு ரகசியக் குழு பொறுப்பேற்றது. பெரும்பாலும் ஆளில்லாத குளிர்கால வீடுகள். இப்போது அப்படி ஒன்றும் கிடையாது, எதிர்ப்பெல்லாம் கவுன்சில் கூட்டத்திலும் நடைப்பயணத்திலும்தான். 2020இல் லீனில் இருக்கும் நெவின் ஊரிலிருந்து கவுன்சில் தலைமையகம் இருக்கும் கயர்நார்வன் வரை 20 மைல் நடந்தே போய்க் கேட்டார்கள்.

கணக்குப்பிள்ளை விட்டுப்போன ஒன்று. 2022 அக்டோபரில் வேல்ஸ் அரசு வீடுகளைத் திட்டமிடல் சட்டத்தில் மூன்றாகப் பிரித்தது: முழுநேரக் குடியிருப்பு, இரண்டாவது வீடு, குறுகிய கால வாடகை. 2024 செப்டம்பர் 1 முதல் க்வினெத் கவுன்சில் 'நான்காம் விதி' ஆணையைக் கொண்டுவந்தது. முழுநேர வீட்டை மற்ற இரண்டாக மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். வீட்டு உரிமையாளர்கள் சிலர் எதிர்த்து உயர்நீதிமன்றம் வரை போனார்கள். வாங்குவதாக இருந்தால், அந்த வீடு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, ஆணையின் இன்றைய நிலை என்ன என்று வேல்ஸ் சொத்துச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள். மான்செஸ்டர் வக்கீல் போதாது.

எனக்குப் பிடித்த கதை வேறு. லீனுக்குப் போகும் வழியில் லனைல்ஹையர்ன் என்று ஒரு கிராமம். 1970களில் அங்கே பள்ளிக்கூடத்தை மூடப் பார்த்தார்கள். கார்ல் க்ளோவ்ஸ் என்ற டாக்டர் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு எதிர்த்து நின்றார், பள்ளி தப்பியது. அந்தச் சூட்டோடு 1974இல் ஊர்க்காரர்களே பங்குதாரர்களாக ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள், பிரிட்டனில் அந்த வகையில் அதுதான் முதலாவது என்பார்கள். மட்பாண்டம், பின்னலாடை என்று வேலை உண்டாக்கினார்கள். அதே டாக்டர்தான் கடலோரத்தில் ஆளே இல்லாமல் கைவிடப்பட்டுக் கிடந்த நான்ட் குர்தெய்ர்ன் என்ற குவாரி ஊரை 1978இல் ஓர் அறக்கட்டளை வாங்க முன்னால் நின்றார். இன்று அது பெரியவர்கள் தங்கி வேல்ஸ் மொழி படிக்கும் மையம், செங்குத்தான மலைப்பாதையில் இறங்கிப் போகவேண்டும், கீழே காபிக்கடையும் இருக்கிறது. அபெர்சோக் போகும்போது ஒரு நாள் அங்கே போய் வாருங்கள்.

மலைக்கோட்டை82 எழுதியது:

அந்த லனைல்ஹையர்ன் பள்ளி இப்போது இருக்கிறதா?

குளிர்விரும்பி எழுதியது:

இல்லை. 2020இல் மூடினார்கள், பிள்ளைகள் இல்லை. உங்கள் வாதத்துக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள் என்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

புல்ஹெலி_கடைக்காரன் எழுதியது:

அந்தக் கூட்டுறவுப் பழக்கம் இங்க இன்னும் போகவில்லை. லித்வைனில் மதுக்கடை 1988இலிருந்து ஊர்ச் சொத்து. லான்ஸ்டிம்டூயில், அதுதான் பிரதமராக இருந்த லாயிட் ஜார்ஜ் வளர்ந்த ஊர், அங்கயும் பங்கு விற்றுக் காசு சேர்த்து மதுக்கடையை வாங்கினவை. நெவினில் பல வருடம் பூட்டிக் கிடந்த ஒன்றையும் அப்படித்தான் திறந்தது. மதுக்கடை என்றவுடன் குடிக்கிற இடம் என்று மட்டும் எடுக்க வேண்டாம். பாட்டுப் பயிற்சி, வினாடி வினா, வேல்ஸ் மொழி வகுப்பு, கிழடுகளுக்கு மத்தியானச் சாப்பாடு எல்லாம் இதுக்குள்ளதான். வேறு மண்டபம் ஆர் சூடாக்கி வைத்திருக்கிறது?

அபெர்சோக் பள்ளிக்கூடக் கட்டிடத்தையும் விற்றுத் தள்ள விடாமல் "மென்டர் ராபர்" என்று ஊர்க்காரர் அமைப்பு ஒன்று ஊர் மையமாக்குகிற வேலையில் இறங்கினது. அதுக்கு ஒரு நூறு பவுண்ஸ் போடுங்கோ தம்பி, 42,450 மிச்சம்.

ஓரமா_நிக்கிறேன் எழுதியது:

ஹா ஹா. ஒரு சந்தேகம். நாமே வந்தேறிகள்தானே. செஷயர்க்காரன் வீடு வாங்கினால் குற்றம், கடைக்காரர் அண்ணன் போய்க் கடை போட்டால் குற்றமில்லையா? மொழி தெரியாமல் அங்கே எப்படி?

பாங்கர்_டாக்டரம்மா எழுதியது:

கடைக்காரர் அங்கே குளிர்காலத்திலும் இருக்கிறாரே, அவ்வளவுதான் வித்தியாசம். நாங்கள் வந்தபோது யாரும் எங்கிருந்து வந்தீர்கள் என்று குத்திக் கேட்கவில்லை, பையனை எந்தப் பள்ளியில் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். க்வினெத்தில் 2021 கணக்கெடுப்புப்படி 64.4 சதவீதம் பேர் வேல்ஸ் பேசுகிறவர்கள், நாடு முழுக்கப் பார்த்தால் 17.8தான். பள்ளியில் பாடமே அந்த மொழியில்தான். வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதலில் மொழி கற்றுத்தரத் தனி மையங்கள் வைத்திருக்கிறார்கள், எங்கள் பையன் அதில் போய்ச் சில மாதத்தில் பேசினான். இப்போது அவன் நண்பர்களோடு பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் கொஞ்சம்தான் தேறினேன், காலை வணக்கம், வலிக்கிறதா, மூச்சை இழுங்கள், இவ்வளவுதான் வரும். பாட்டிகளுக்கு அதுவே போதும், முகம் மலர்ந்துவிடும்.

புல்ஹெலி_கடைக்காரன் எழுதியது:

எனக்கு விலை சொல்லவும், மழையைப் பற்றிக் கதைக்கவும் தெரியும். இங்க மழையைப் பற்றிக் கதைக்கத் தெரிந்தால் பாதிப் பாஷை தெரிந்த மாதிரி.

செஷயர்_சோறு எழுதியது:

எல்லாவற்றையும் வீட்டில் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்காரிக்கு அந்தப் படகு விஷயம்தான் மனசில் தங்கிவிட்டது, போன கோடையில் எங்கள் சின்னவன் மிதவையோடு கொஞ்ச தூரம் போய்விட்டான், அலைச்சறுக்குப் பையன்தான் பிடித்துக்கொண்டு வந்தான். எனக்குக் கணக்குதான் உதைக்கிறது. 26 வாரம் வாடகைக்குவிட்டு நாங்கள் நவம்பரில் போவதற்கு வீடு எதற்கு? இந்த வருடமும் வாடகைக்கே எடுக்கிறோம், பிப்ரவரிப் பள்ளி விடுமுறையிலும் ஒரு வாரம் போகப் பார்க்கிறோம். கடைக்காரர் அண்ணா, அந்த நேரம் ஊரில் எது திறந்திருக்கும்? கார் இல்லாமல் ஒரு நாள் சுற்ற முடியுமா?

அப்புறம் கணக்குப்பிள்ளை, வேல்ஸின் மற்றக் கடலோர மாவட்டங்கள், ஆங்கில்சியும் பெம்ப்ரோக்ஷயரும் எப்படி? வீட்டுக்காரி இன்னும் முழுசாக விடவில்லை.

புல்ஹெலி_கடைக்காரன் எழுதியது:

புல்ஹெலி வரை ரயில் இருக்கு, கடலோரப் பாதையின் கடைசி நிலையம். அங்கயிருந்து அபெர்சோக்குக்கு 18ஆம் நம்பர் பஸ். குளிர்காலத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலே பார்த்து வையுங்கோ, தவறவிட்டால் டாக்சிக்குத் திண்டாட வேணும். சாப்பாட்டுக் கடைகளில் பல பூட்டியிருக்கும், எது திறந்திருக்கு என்று என்னிடம் கேளுங்கோ. மழைக்கோட்டு நல்லதாக வாங்குங்கோ, குடை கொண்டுவர வேண்டாம், இங்கத்தைக் காற்றுக்கு ஒரு மணித்தியாலம் நிற்காது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆங்கில்சி 2024 ஏப்ரலிலிருந்து 100 சதவீதம் கூடுதல். பெம்ப்ரோக்ஷயர் அதே மாதம் 200க்கு ஏற்றியது, 2025இல் 150க்கு இறக்கியது. நில மாற்ற வரியும் 182 நாளும் வேல்ஸ் முழுக்க ஒன்றே, எந்தக் கடற்கரைக்குப் போனாலும் மாறாது. வாடகைக்கே எடுப்பதாக இருந்தாலும் ஒன்று: தங்குபவர்கள் மேல் ஓர் இரவுக்கு ஆளுக்கு 1.30 பவுண்டு, கூடாரம், பலர் ஒரே அறையில் படுக்கும் விடுதிக்கு 75 பென்ஸ் என்று வரி போட 2025இல் சட்டம் வந்திருக்கிறது. கவுன்சில் விரும்பினால் 2027லிருந்து வசூலிக்கலாம். நாலு பேர் ஏழு இரவு என்றால் 36.40. பிள்ளைகள் 18க்குக் கீழே, கூடாரத்தில் தங்கினால் அவர்களுக்குக் கிடையாது.